கான்டஸா கிளாசிக் வாங்கலாமா, புது செடான் போதுமா? நம்ம உப்புக் காத்துல எது நிக்கும்?

உச்சிப்புளி_ஓட்டுநர் (கேள்வி)

வணக்கம். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸோட பழைய செடான், 1996 மாடல் கான்டஸா கிளாசிக், இசுசு 1.8 பெட்ரோல் எஞ்சின், விலைக்கு வருது. வண்டி நிக்கிறது கீழக்கரையில, கடலுக்கு அரை கிலோமீட்டர்கூட இருக்காது. மேல ஓலைக் கொட்டகை. எஞ்சின் சத்தம் சுத்தமா இருக்கு, பெயிண்ட் புதுசு. அதே பணத்துக்கு அஞ்சாறு வருஷம் ஓடின நல்ல செடான் கிடைக்கும். "இந்தியாவோட மஸில் கார்"னு சொல்லித்தான் விலையை ஏத்துறாங்க. அந்தப் பேரு சரிதானா? இந்தக் காத்துல பழைய வண்டி தாங்குமா? பின்னாடி விலை கூடுமா? தினசரி ஓட்டத்துக்கு இல்லை. வாரக் கடைசியில மண்டபம், தனுஷ்கோடி, எப்பவாவது மதுரை.

வைகை_வி8

பேரில் பாதி உண்மை இருக்கிறது. அமெரிக்காவில் மஸில் கார் என்றால் நடுத்தர அளவு உடம்பில் பெரிய வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினைப் பொருத்தி, சம்பளக்காரன் வாங்குகிற விலைக்கு விற்ற வண்டி. 1964-ல் வந்த பான்டியாக் ஜிடிஓதான் அந்தப் போக்கைத் தொடங்கியது; அதன் எஞ்சின் 389 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 6.4 லிட்டர். கான்டஸாவின் வேர் இங்கிலாந்தில். 1972-ல் வந்த வாக்ஸ்ஹால் விக்டர் எஃப்இ, பிறகு விஎக்ஸ் என்று பேர் மாறியது. அந்த உடம்பைத்தான் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984 முதல் 2002 வரை உத்தர்பாராவில் செய்தது. நீண்ட மூக்கு, பின்சக்கர இழுவை, அகலமான நிற்பு எல்லாம் மஸில் சாயல். வேகத்தில் அந்த உறவு கிடையாது. முதலில் வந்த 1.5 லிட்டருக்கு 50 குதிரைத்திறன். உங்களுக்கு வருகிற 1,817 சிசி இசுசுவுக்குச் சுமார் 88. இன்றைய வெர்னா 1.5 டர்போ 160 தருகிறது.

அசல் அமெரிக்க வண்டிகளின் எண்களையும் கவனித்துப் படிக்க வேண்டும். கிரைஸ்லரின் 426 ஹெமி வி8 எஞ்சினுக்கு 425 குதிரைத்திறன் என்று விளம்பரம் செய்தார்கள். சைலன்சர், ஏர் ஃபில்டர், ஆல்டர்னேட்டர் சுமை எதுவும் இல்லாமல் எஞ்சினை மட்டும் மேடையில் வைத்து அளந்த மொத்தக் கணக்கு அது. 1972-லிருந்துதான் வண்டியில் பொருத்திய நிலையில் அளக்கிற நிகரக் கணக்கு வந்தது, ஒரே எஞ்சினின் எண் ஒரே ஆண்டில் சரிந்தது. 2015-ன் மஸ்டாங் ஜிடி 5.0 லிட்டரில் 435 நிகரம் தருகிறது. அதோடு ஏபிஎஸ், ஏர்பேக் எல்லாம் உண்டு. ஓட்டத்தில் புதியதுதான் மேல், சந்தேகமே வேண்டாம்.

அப்படியும் அந்த ஹெமி எஞ்சின் வைத்த 1971 பிளிமத் குடா கன்வர்டிபிள் (கூரை மடக்குகிற கார்) ஒன்று 2014-ல் 35 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்த ஆண்டு அந்த வகையில் மொத்தம் செய்ததே 11. அங்கே மதிப்பு என்பது அரிது என்பதும், சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் தொழிற்சாலையில் சேர்ந்தபடியே இருப்பதும்தான். கான்டஸா அந்த அளவுக்கு அரிதில்லை. ஆனால் இன்னொரு மதிப்பு அதற்கு உண்டு: கார்புரேட்டரின் ஊசியும் மிதவையும் தேய்ந்தால் கழற்றி மாற்றலாம், கிளட்ச் தட்டுக்கு மறுபடி லைனிங் அடிக்கலாம், உடைந்த பிராக்கெட்டை லேத்தில் செய்யலாம். புது செடானில் ஒரு கண்ட்ரோல் யூனிட் செத்து, கம்பெனி அந்த உதிரியை நிறுத்தியிருந்தால், நல்ல எஞ்சின் இருந்தும் வண்டி ஓரங்கட்டப்படும். பழசின் மேல் பிடிப்பு வருவதற்கு இதுவே போதுமான காரணம் என்று நினைக்கிறேன்.

பாம்பன்_டிங்கர்

தம்பி, எஞ்சின் சத்தத்தை விடுங்க. நம்ம கரையில பழைய வண்டியோட விலை தகரத்துலதான் இருக்கு. இசுசு 1.8 எஞ்சினை அம்பாசிடர் 1800-லயும் போட்டாங்க. அம்பாசிடர் 2014 வரைக்கும் வந்துச்சு, அதனால எஞ்சின் சாமான் தேடினா கிடைக்கும். கான்டஸாவோட முன் கண்ணாடி, டெயில் லேம்ப், கதவு பீடிங், நிக்கல் பட்டை இதுக்கெல்லாம் அலையணும். தகரம் போச்சுன்னா முழு வண்டியும் போச்சு, ஏன்னா இது தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) உள்ள வண்டி இல்ல, உடம்பேதான் சேஸிஸ்.

உப்பு எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்கங்க. காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா உப்பு தானா தண்ணியை இழுத்துக் கரையும். நம்ம பக்கம் ராத்திரி பெரும்பாலும் அதுக்கு மேலதான். பகல்ல காஞ்சு கிடக்கிற தகரம், விடியக்காலைல உப்புத்தண்ணியில நனைஞ்சு நிக்கும், மழையே வேண்டாம். வாடைக் காத்து அடிக்கிற மாசத்துல இன்னும் மோசம். ஓலைக் கொட்டகை வெயிலைத் தடுக்கும், உப்பைத் தடுக்காது.

புதுப் பெயிண்ட்டுதான் எனக்குச் சந்தேகம். இப்படிப் பாருங்க:

ஃபிரிட்ஜ்ல ஒட்டுற மெல்லிசான காந்தம் ஒண்ணை துணியில சுத்தி, மட்கார்டு வளைவு, கதவோட கீழ் ஓரம், முன் கண்ணாடி மூலை, டிக்கி ஓரம் எல்லாத்துலயும் வைங்க. பிடிக்காத இடத்துல உள்ள பட்டி. ரெண்டு மில்லி வரைக்கும் பட்டி சகஜம், அதுக்கு மேலன்னா ஓட்டையை மூடியிருக்காங்க.

தரை விரிப்பை முழுசாத் தூக்குங்க. டிரைவர் காலடி, பின் சீட்டுக்குக் கீழ, ஸ்டெப்னி குழி. ஸ்க்ரூ டிரைவர் பின்பக்கத்தால தட்டுங்க. "டங்"னா சரி, "பொத்"னா தகரம் தாளாகிடுச்சு.

அப்புறம் முக்கியமானது. கதவுக்குக் கீழ முன்சக்கரத்துல இருந்து பின்சக்கரம் வரைக்கும் ஓடுற பெட்டி மாதிரி சட்டத்துல ஜாக்கி போட்டு ஒரு பக்கத்தைத் தூக்குங்க. சக்கரம் தரையை விட்டதும் முன் கதவைத் திறந்து மூடுங்க. லேசா மூடினா உடம்பு உறுதி. கதவு கீழ இறங்கி தூணுல இடிச்சாலோ, ஜாக்கி உள்ள அமுங்கினாலோ, அந்தச் சட்டம் உள்ளுக்குள்ள காலி. பின் ஆக்ஸில் கை உடம்புல போல்ட் ஆகுற நாலு இடத்தையும் லைட் அடிச்சுப் பாருங்க; அங்க விரிசலோ வெல்டு மேல வெல்டோ இருந்தா நான் தொடமாட்டேன்.

சரிசெய்யணும்னா: தரைக்கு 18 கேஜ், மத்த இடத்துக்கு 20 கேஜ். துரு இருக்கிற இடத்தைத் தாண்டி ஒரு அங்குலம் நல்ல தகரம் வரைக்கும் வெட்டி எடுக்கணும். துரு மேலயே துண்டு தகரம் ஒட்டினா, ரெண்டுக்கும் நடுவுல உப்பு உட்கார்ந்து ரெண்டையும் தின்னும். கேஸ் வெல்டு வேண்டாம், சூடு பரவி தகரம் நெளியும். மிக் வெல்டு (கம்பி தானா வர்ற மின்சார வெல்டு), அதுவும் துண்டு துண்டா விட்டு விட்டு. ரெட் ஆக்சைடை மட்டும் அடிச்சு நிறுத்தாதீங்க, அது ஈரத்தை உள்ள விடும். ரெண்டு பாகம் கலக்கிற எபாக்ஸி ப்ரைமர் ரெண்டு கோட், தையல் ஓரத்துக்கு சீலர், அதுக்கப்புறம்தான் பெயிண்ட். பெட்டிச் சட்டத்துக்கு உள்ள மெழுகு ஸ்ப்ரே. கீழ இருக்கிற வடிகால் ஓட்டையை மட்டும் அடைச்சுடாதீங்க.

பழைய எஞ்சின் ஆயிலை அடில அடிக்கிற பழக்கம் இங்க நிறைய இருக்கு. அது ரப்பர் புஷ் எல்லாத்தையும் ஊதவச்சுக் கெடுக்கும், மணலையும் பிடிச்சு வைக்கும்.

தொண்டி_கார்புரேட்டர்

அண்ணன் சொன்னதுக்கு மேல எரிபொருளும் தண்ணீரும்.

பங்கில் இப்போது வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1996 வண்டியின் ரப்பர் ஹோஸ், ஃபியூயல் பம்ப் டயாஃப்ரம் இரண்டும் எத்தனாலுக்காகச் செய்ததில்லை. ஊறி, வெடித்து, சூடான எஞ்சின் மேல் சொட்டும். தீப்பிடிக்கிற வழி அதுதான். வாங்கினவுடன் டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ஹோஸையும் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்டதாக மாற்றுங்கள். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் அதிகமானால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்க் அடியில் தனியாக இறங்கும், டேங்க் உள்ளிருந்து துருப்பிடிக்கும். கார்புரேட்டர் கிண்ணத்தைத் திறந்தால் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அரிப்பு ஆரம்பித்துவிட்டது. வாரக் கடைசி வண்டியானால் டேங்கை முக்காலுக்குக் குறையாமல் வையுங்கள், ஒரு மாதத்துக்குள் அந்தப் பெட்ரோலை ஓட்டித் தீருங்கள். இ20-ல் கலவை மெலியும், அதாவது எரிபொருளுக்குக் காற்று அதிகமாகிவிடும். ஸ்பார்க் ப்ளக் நுனி வெள்ளையாக வந்தால் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாகப் போடுங்கள்.

ரேடியேட்டரில் நம் ஊர் போர் தண்ணீர் ஒரு குவளைகூட ஊற்றக் கூடாது. உப்பும் சுண்ணாம்பும் குழாயை அடைக்கும், அலுமினியப் பாகங்களை அரிக்கும். பேட்டரி வாட்டரும் (காய்ச்சி வடித்த தண்ணீர்) கூலன்ட்டும் சரிபாதி. கழுவுவதற்கும் இதே விதி: போர் தண்ணீரில் கழுவினால் மறுபடி உப்பு பூசினதாகத்தான் அர்த்தம். காவிரிக் குடிநீர், ஊருணித் தண்ணீர், பிடித்துவைத்த மழைத்தண்ணீர் எதுவானாலும் சரி. தனுஷ்கோடி போய்வந்த அன்றே அடிப்பாகத்தை அலசுங்கள், மறுநாளுக்கு விடாதீர்கள்.

பிரேக் ஃபுளூயிட் வருஷத்துக்கு ஒருமுறை. ஈரம் இழுத்த ஃபுளூயிட்தான் வீல் சிலிண்டரை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கிறது. இரும்புக் குழாயை எடுத்துவிட்டு செம்பு-நிக்கல் குழாய் போட்டால் அந்தக் கவலை ஒழிந்தது.

உச்சிப்புளி_ஓட்டுநர்

ரொம்ப நன்றி அண்ணே. பேப்பர் விஷயம் யாராவது சொல்லுங்க. வின்டேஜ் ரெஜிஸ்ட்ரேஷன் கிடைக்கும்னு விக்கிறவர் சொல்றார். புது செடான் வாங்கினா உப்புக்குப் பயமில்லையா?

ராமநாடு_ஆர்சி

வின்டேஜ் இப்போது கிடைக்காது. 2021 விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் ஆகியிருக்க வேண்டும். முதல் கான்டஸாவுக்கே 2034, உங்களுக்கு 2046. கிடைத்தாலும் கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு, பெட்ரோல் போட, பழுது பார்க்க மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம். வாரக் கடைசி மண்டபம் பயணம் அதில் வராது. சாதாரண ஆர்சியையே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எஃப்சி (தகுதிச் சான்று) காட்டிப் புதுப்பியுங்கள், பசுமை வரியும் உண்டு. 20 வருடம் கடந்த காருக்கு 2025-லிருந்து புதுப்பிக்கும் கட்டணம் 10,000 ரூபாய். ஆர்சியில் பெட்ரோல் என்று இருந்து உள்ளே டீசல் எஞ்சின் உட்கார்ந்திருந்தால் புதுப்பிக்க முடியாது. சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்துத் தாளில் எடுத்து ஆர்சியோடு ஒப்பிடுங்கள்; எண் இருக்கிற தகரமே துருத்திருந்தால் ஆய்வாளர் நிறுத்திவிடுவார். இன்சூரன்ஸில் மதிப்பை முன்கூட்டியே பேசி எழுத்தில் வாங்குங்கள்.

விலை ஏறுமா என்றால், அசல் எஞ்சின், அசல் உள் அலங்காரம், வெட்டாத உடம்பு இருக்கிறவை மட்டும் ஏறும். நான்கு இடத்தில் தகரம் மாற்றியதை விற்றால் செலவுகூடத் திரும்பாது.

பாம்பன்_டிங்கர்

புது வண்டிக்கும் உப்பு உண்டு தம்பி. ஆனா உடம்பை முழுசா தொட்டியில முக்கி மின்சாரத்துல ப்ரைமர் ஏத்துறாங்க, பல வண்டியில தகரத்துல துத்தநாகப் பூச்சும் இருக்கு, அதனால பத்து வருஷத்துக்கு உடம்பு நிக்கும். முதல்ல போறது சக்கரத்துக்கிட்ட இருக்கிற ஏபிஎஸ் சென்சார், வயர் கனெக்டர், ஏசி கண்டென்சர் தகடு. வீட்டுல குழந்தைங்களை ஏத்திக்கிட்டு மதுரை ரோட்டுல ஓட்டணும்னா செடான்தான், ஏர்பேக் இல்லாத கான்டஸாவுல எண்பதுக்கு மேல நான் போகச் சொல்லமாட்டேன்.

கான்டஸாதான் மனசுல இருக்குன்னா, கீழக்கரை வண்டியை விட்டுட்டு மதுரை, திண்டுக்கல் பக்கம் உள்நாட்டு வண்டியாப் பாருங்க, பெயிண்ட் மங்கி இருந்தாலும் பரவாயில்ல. கீழக்கரை வண்டியையே பாக்கணும்னா காந்தம், டார்ச், பாட்டில் ஜாக்கி, ஒரு பலகை எடுத்துட்டுப் போங்க. ஜாக்கி போட ஒத்துக்கலைன்னா விலை பேசாம வந்துடுங்க. காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போங்க; ஈரம் இருக்கும்போது பெயிண்ட்டுக்கு அடியில பொங்கின கொப்புளம் சாய்ஞ்ச வெளிச்சத்துல நல்லாத் தெரியும்.