கண்வலிக்கிழங்கு: செம்மண்ணா கரிசலா, மாசியா ஆடியா?

மேட்டுக்காடு: வணக்கங்க. தாராபுரம் பக்கம் அரை ஏக்கர். மேல்பாதி செம்மண், கீழ்பாதி கரிசல். விதைக்காகக் கண்வலிக்கிழங்கு (செங்காந்தள்) போடலாம்னு எண்ணம். கரிசல்ல வருங்களா? கிழங்கு மாசியிலேயே கிடைக்குது, உடனே ஊனலாங்களா?

வேர்முடிச்சு: செம்மண் பாதியில மட்டும் போடுங்க. கார அமிலத்தன்மை 6-லிருந்து 7 வரை, தண்ணி தேங்காத மண், இது ரெண்டும் இருக்கணும். கரிசல் மழையில ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும், கிழங்கு அழுகிடும். தண்டு அடியில வெள்ளை நூல் மாதிரி பூசணமும் கடுகு மாதிரி பழுப்பு உருண்டையும் தெரிஞ்சா அதுதான் அடியழுகல். அந்தச் செடியை மண்ணோட எடுத்து அப்புறப்படுத்துங்க. ஏக்கருக்கு 1 கிலோ டிரைக்கோடெர்மா விரிடிங்கற நன்மை செய்யற பூசணத்தை 20 கிலோ மக்கின தொழு உரத்தோட கலந்து முன்னாடியே இட்டா நல்லது.

ஆடிப்பட்டம்: மாசிக் கிழங்கு உறக்கத்துல இருக்கும். இப்ப ஊனித் தண்ணி விட்டா முளைக்காது, அழுகும். நிழல்ல, காஞ்ச மணல்ல பரப்பி வைங்க. ஆனிக் கடைசியில முளை தலைகாட்டும், அப்ப ஊனுங்க. ஆவணி தாண்டினா பூப்பு ஐப்பசி அடைமழையில மாட்டிக்கும். மகரந்தம் நனைஞ்சா காய் பிடிக்காது, இலைக்கருகலும் அப்பதான் பரவும்.

கிழங்கு 50–60 கிராம் இருக்கணும். சின்னது முதல் வருஷம் சரியாப் பூக்காது. கால் ஏக்கருக்கு 250–300 கிலோ ஆகும். கிழங்கு கவட்டை மாதிரி இருக்கும், ஒவ்வொரு நுனியிலயும் ஒரே முளைதான், அது ஒடிஞ்சா அந்தக் கவை வீண். அதனால மூட்டையில அடைச்சு உருட்டாதீங்க. லிட்டருக்கு 1 கிராம் கார்பென்டாசிம் பூசணக்கொல்லி கலந்த கரைசல்ல 30 நிமிஷம் ஊறவச்சு, 6 செ.மீ. ஆழத்துல, செடிக்குச் செடி ஒன்றிலிருந்து ஒன்றரை அடி விட்டு ஊனுங்க.

மேட்டுக்காடு: நன்றிங்க. கொடி ஏத்தறதுக்குக் கிளுவை போதுங்களா?

காந்தள்மொட்டு: போதும், ஆனா கிழங்குக்கு முன்னாடியே நட்டு வேர் பிடிக்க விடுங்க. கம்பிப் பந்தலும் போடலாம். இலை நுனிதான் பற்றுக்கம்பியா சுருண்டு பிடிக்கும், பிடிமானம் இல்லைன்னா கொடி தரையில படுத்துடும்.

காய்ப்புக்குக் கை மகரந்தச் சேர்க்கை கட்டாயம். சூல்தண்டு பக்கவாட்டுல மடங்கி மகரந்தப் பையை விட்டு விலகி நிக்கும், தானா சேர்றது ரொம்பக் குறைவு. காலை 6-லிருந்து 11 மணிக்குள்ள மென்மையான தூரிகையால தொட்டு வைங்க.

செடி முழுக்க கோல்சிசின் விஷம், கிழங்குல உயிரைப் பறிக்கிற அளவு உண்டு. கையுறை இல்லாம தொடாதீங்க. மணல்ல பரப்பின கிழங்கைப் பூட்டின அறையில வைங்க, வள்ளிக்கிழங்குன்னு நினைச்சு யாரும் எடுத்துடக் கூடாது.