ஊரில் நர்சிங் படித்தவர்கள் ஐந்து பேர், நாட்டில் நர்ஸ் பற்றாக்குறையாம்! கணக்கு எங்கே உதைக்கிறது?

கடைமடைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். என் மகள் ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமோ முடித்து மூன்று வருடம் ஆகிறது. தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் 9,000 ரூபாய் சம்பளம், 12 மணி நேர டூட்டி, ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் அவர்கள் பீரோவில். நேற்று டிவியில் ஒருத்தர், இந்தியாவில் ஆயிரம் பேருக்கு இரண்டு நர்ஸ்கூட இல்லை, மூன்று பேராவது வேண்டும், நார்வேயில் 15-க்கு மேல் என்று அடுக்கிக்கொண்டே போனார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் ஊரில் 1,200 பேர் இருப்போம், அதில் நர்சிங் படித்த பெண்கள் மட்டும் ஐந்து. டிவிக்காரர் கேட்டதைவிடவே அதிகம்! ஒருத்தி குவைத்தில், ஒருத்தி கல்யாணமாகித் திருப்பூர் பனியன் கம்பெனியில், ஒருத்தி கும்பகோணத்தில் ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள், ஒருத்தி வீட்டில் சும்மா, ஐந்தாவது என் மகள். இதில் எங்கள் ஊர் துணை சுகாதார நிலையம், அதுதான் சப்-சென்டர், வாரத்தில் இரண்டு நாள்தான் திறக்கிறது, அந்த நர்சம்மாவுக்குப் பக்கத்து சப்-சென்டரையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். ஆள் இல்லையா, வேலை இல்லையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குடமுருட்டி:
அண்ணே, உங்கள் ஊர் ஐந்து பேரும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள், குவைத்துக்குப் போனவரும் சேர்த்துத்தான். சில வருடம் முன்பு நாடாளுமன்றத்தில் ஆயிரத்துக்கு 1.96 என்று சொன்னது, நர்சிங் கவுன்சில் பதிவேட்டில் இருக்கும் பெயர்களை அடிப்படையாக வைத்துச் சொன்னது. பதிவேட்டில் பெயர் ஏறிவிடும், இறங்குவதுதான் லேசில் நடக்காது, செத்தவர் பெயர் ரேஷன் கார்டில் தொங்குகிற கதைதான். அதைச் சரிபண்ணத்தான் ஆளுக்கொரு எண் கொடுத்துப் பதிவைப் புதுப்பிக்கச் சொல்கிறார்கள். அப்புறம் இன்னொன்று, இரண்டு வருடம் படித்த ஏ.என்.எம்., மூன்று வருட ஜி.என்.எம்., நான்கு வருட பி.எஸ்சி., பிரசவம் பார்ப்பவர்கள் எல்லாரையும் ஒரே மரக்காலில் போட்டு அளக்கிறார்கள். அதை நார்வே பக்கத்தில் வைத்து என்ன தெரிந்துகொள்ள முடியும்?

அரிசிலாறு:
ஆள் இருக்கிறார்கள், போஸ்ட்தான் இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு சப்-சென்டர், 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்பது விதி. ஆறு கிராம நர்ஸ், நிலையத்தில் மூன்று ஸ்டாஃப் நர்ஸ், எல்லா இடமும் நிரம்பியிருக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும் 30,000 பேருக்கு ஒன்பது பேர், ஆயிரத்துக்கு 0.3. மீதி எல்லாம் டவுனில். மேட்டூரில் 120 அடி நிற்கிறது என்று பேப்பரில் போட்டால் கடைமடையில் இருக்கிற தலைஞாயிறு வயலில் தண்ணீர் நிற்குமா என்ன? சம்பளக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2015-ல் எம்.ஆர்.பி. என்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுதி அரசு வேலைக்குப் போனவர்களுக்கே தொகுப்பூதியம் 7,700 ரூபாய்தான், நிரந்தரம் கேட்டு 2017-ல் சென்னையில் மருத்துவத்துறை இயக்குநரகம் இருக்கிற டி.எம்.எஸ். வளாகத்தில் போய் உட்கார்ந்தார்கள். இப்போது கூடியிருக்கிறது, ஆனால் அரசாங்கமே அந்த ரேட்டில் ஆரம்பித்தால் தனியார்காரன் 9,000 கொடுத்துவிட்டு நிமிர்ந்து நிற்பான். சர்டிபிகேட்டை வைத்துக்கொள்ள அவர்களுக்கு ஒரு உரிமையும் கிடையாது, எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஓய்வுபெற்ற சிஸ்டர்:
தம்பிகள் இரண்டு பேரும் சரியாகச் சொன்னீர்கள், ஆனால் பற்றாக்குறையே இல்லை என்கிற மாதிரி பேசாதீர்கள். மூன்று ஸ்டாஃப் நர்ஸ் என்றால் ஷிப்டுக்கு ஒருத்தி. ஒருத்தி லீவு போட்டால் இரண்டு பேர் 12 மணி நேரம் ஓட்ட வேண்டும். ராத்திரி ஒரு கர்ப்பிணி பிரசவ வலியில் கத்திக்கொண்டிருப்பாள், அதே நேரம் வயலில் பாம்பு கடித்தவரை டிவிஎஸ் ஃபிஃப்டியில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவருவார்கள், யாரைப் பார்ப்பது?

நான் 31 வருடம் கிராம சுகாதார நர்ஸ், பாதிக் காலம் வேதாரண்யம் பக்கம். ஐப்பசி மழையில் வாய்க்கால் கரையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், எனாமல் தட்டையும் கத்தரியையும் அவர்கள் வீட்டு அடுப்பிலேயே கொதிக்கவைத்துப் பிரசவம் பார்த்திருக்கிறேன். வயிற்றில் கை வைத்துத் தலை எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு, குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கிற ஃபீட்டோஸ்கோப்பைக் காதில் வைத்தால் வெளியே மழைச் சத்தம்தான் கேட்கும், கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு மறுபடி வைப்பேன். அந்தக் காலம் திரும்ப வேண்டாம், உதிரம் நிற்காமல் போன ஒரு பெண்ணை இன்னும் மறக்கவில்லை. இப்போது தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் பிரசவம், நல்லது. ஆனால் பிள்ளைகளுக்குக் கைப்பழக்கம் போய்விட்டது. கொஞ்சம் இழுத்தால் உடனே 108, பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபர். கிராம நர்ஸ் இன்று பாதி நாள் கம்ப்யூட்டரில் கர்ப்பிணி பதிவு ஏற்றிக்கொண்டிருக்கிறாள். ஜி.என்.எம். முடித்த எல்லாருக்கும் நர்ஸ், மிட்வைஃப் (பிரசவம் பார்ப்பவர்) இரண்டு பதிவும் கிடைக்கும். மிட்வைஃப் என்றே தனியாக ஆள் தயார்செய்ய மத்திய அரசு 2018-ல்தான் வழிகாட்டுதல் போட்டது, நர்ஸ்களுக்கு மேலே 18 மாதப் பயிற்சி. கடைமடைத் தம்பி, உங்கள் மகள் தன் கையால் எத்தனை பிரசவம் பார்த்திருக்கிறாள்? கேட்டுச் சொல்லுங்கள்.

கடைமடைக்காரன்:
கேட்டேன் அக்கா. முதலில் சிரித்தாள். படிக்கும்போது பார்த்த பிரசவங்களைக் குறிக்கிற கேஸ் புக்கில் எழுதவேண்டியது எல்லாம் எழுதியாகிவிட்டதாம், கையெழுத்தும் வாங்கியாகிவிட்டதாம், தன் கையால் பிடித்தது நான்கு என்கிறாள். இப்போது இருக்கிற இடத்தில் லேபர் ரூம் பக்கமே விடுவதில்லை, டிரிப் ஏற்றுவதும் பில்லுக்கு ஃபைல் தூக்குவதும்தான். அந்த 18 மாதப் பயிற்சிக்கு எவ்வளவு அனுபவம் வேண்டும், அரசு வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும்தானா என்று அவளே கேட்கச் சொன்னாள். சர்டிபிகேட் கேட்டு லெட்டர் எழுதியாகிவிட்டது, திங்கட்கிழமை நானும் கூடப் போகிறேன்.