சுவர் எழுதும் அப்பாவோடு பீம்பேட்காவில்

அப்பா நாற்பது ஆண்டுகள் சுவர் விளம்பரம் எழுதியவர். சென்ற தை மாதம் போபாலில் தங்கை வீட்டில் இருந்தபோது, "பாறையில் படம் எழுதியிருக்கிறார்களாம், போவோமா?" என்று கேட்டேன். உடனே சட்டையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

ஆதிமனிதர்கள் பாறைக் குகைகளில் படம் எழுதிய பீம்பேட்கா, போபாலுக்குத் தெற்கே ஏறக்குறைய 45 கிலோமீட்டர், ராத்தாபானிக் காட்டுக்குள். 1957இல் தொல்லியலாளர் வாகண்கர் ரயிலில் போகும்போது இந்தப் பாறைகளைக் கண்டு தேடி வந்ததிலிருந்துதான் பீம்பேட்காவின் பெயர் வெளியே தெரிந்தது. 700க்கும் மேற்பட்ட குகைகளில் நாம் நடந்து பார்க்கக்கூடியவை 15 மட்டுமே. பாதை நன்றாகவே இருக்கிறது. முழங்கால் வலியோடு அப்பாவும் நடந்துவிட்டார்.

வெயிலிலிருந்து பாறை நிழலுக்குள் நுழைந்ததும் எனக்கு எதுவும் தெரியவில்லை. அவசரப்படாமல் நில்லுங்கள், கண் பழக வேண்டும். முதலில் ஒரு கறை தெரியும். பிறகு அதற்குக் கொம்பு முளைக்கும்.

விலங்குகள் நிறைந்த நான்காம் எண் குகையில்தான் அப்பா அசையாமல் நின்றார். வெள்ளையில் யானை, மான், காட்டெருமை. அவற்றின் மேலேயே சிவப்பில் குதிரை வீரர்கள். இடையில் எத்தனையோ தலைமுறைகள்.

"நாங்கள் பழைய எழுத்தின் மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டுத்தான் புதிதை எழுதுவோம். இவர்கள் அடிக்கவில்லை பாரப்பா" என்றார். அதன் பிறகு எந்தக் குகைக்குப் போனாலும் நான் தேடியது அடியில் இருக்கும் படத்தைத்தான்.

சிவப்பு, காவிக்கல்லின் இரும்புச் சத்து. அது வெயிலில் வெளிறாது. மேலே கவிந்த பாறை மழையையும் தடுத்துவிடுகிறது. "நான் எழுதியது மூன்று மழைக்குத் தாங்கினால் பெரிது" என்று அப்பா சொன்னபோது அவர் குரலில் வருத்தம் இல்லை, மரியாதைதான் இருந்தது.

பதினைந்தாம் குகையில் கொம்பு வைத்த பெரிய பன்றி ஒரு மனிதனைத் துரத்துகிறது. அவன் எவ்வளவு சிறியவன்! அதைப் பார்க்காமல் திரும்பிவிடாதீர்கள்.

காரில் அப்பா டிக்கெட்டின் பின்புறம் ஒரு மானின் முதுகுக்கோட்டைப் பேனாவால் மூன்று முறை இழுத்துப் பார்த்தார். "ஒரே இழுப்பில் வரவில்லை" என்றார். உயரத்தில் இருந்த படங்கள் அவர் கண்ணுக்குச் சரியாக எட்டவில்லை. அடுத்த முறை பைனாகுலர் எடுத்துப் போகிறோம்.