48 வருகிறது, விடை 52: அந்த நாலு எங்கே?

கொலுசுப்பட்டறை, செவ்வாய்ப்பேட்டை:
வணக்கமுங்க. மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். 0, 1, 2, 3, 4, 5 ஆகியவற்றை வைத்து, எந்த இலக்கமும் திரும்ப வராமல் எத்தனை மூன்றிலக்க இரட்டைப்படை எண்கள் அமைக்கலாம் என்று ஒரு கணக்கு. பெருக்கல் விதி எனக்கும் ஓரளவு தெரியும். ஏற்காட்டுக்கு அடிவாரம் வழி, குப்பனூர் வழி என 2 சாலை. ஏறி இறங்க 2 × 2 = 4. போன வழியில் திரும்பக்கூடாது என்றால் 2 × 1 = 2. அதே போலத்தான் இதையும் போட்டேன். ஒன்றாம் இடத்துக்கு 0, 2, 4 என 3 வழி. நூறாம் இடத்துக்கு, ஒன்றாம் இடத்தில் வைத்தது எதுவோ அதையும் பூஜ்ஜியத்தையும் கழித்தால் 4. பத்தாம் இடத்துக்கு மிச்சம் 4. ஆக 48. புத்தகத்தில் 52! ராத்திரி பூரா உட்கார்ந்தும் பிடிபடவில்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
ஒன்றாம் இடத்தில் 0 வைத்துப் பாருங்கள். 'அதையும் பூஜ்ஜியத்தையும்' என்று இரண்டைக் கழித்தீர்களே, அங்கே இரண்டும் ஒன்றேதான். அதனால் நூறாம் இடத்துக்கு 5 வழி. 0-இல் முடிபவை 5 × 4 = 20. 2, 4-இல் முடிபவை 2 × 4 × 4 = 32. மொத்தம் 52. நீங்கள் 16 என்று எண்ணிய இடத்தில் 20 இருந்தது.

முன்னால் எதைத் தேர்ந்தாலும் அடுத்த படியில் வழிகளின் எண்ணிக்கை மாறாமல் இருந்தால்தான் நேரே பெருக்கலாம். எந்தச் சாலையில் ஏறினாலும் இறங்க மிச்சம் 1, அதனால் அங்கே பெருக்கல் சரி. தட்டுவடை வண்டியில் செட், நொறுக்கல் என 2 பண்டம்; செட் கேட்டால் சட்னி 3 வகை, நொறுக்கல் கேட்டால் முட்டை போட்டது, போடாதது என 2 வகை என்று வையுங்கள். அங்கே 2 × 3 போட்டால் தப்பு, 3 + 2 தான்.

அஸ்தம்பட்டி பொடியன்:
ஐயா சொன்னது சரி. ஆனால் பரீட்சையில் நான் பின்வாசல் வழியாகத்தான் போவேன். மூன்றிலக்க எண்கள் மொத்தம் 5 × 5 × 4 = 100. அதில் ஒற்றைப்படை 3 × 4 × 4 = 48. கழித்தால் 52. ஒற்றைப்படையில் பூஜ்ஜியம் கடைசியில் வராது, பிரிக்கும் வேலையே இல்லை. அண்ணா, உங்கள் 48 ஒற்றைப்படைக்குச் சரியான விடை!

கொலுசுப்பட்டறை:
அட! அப்புறம், இலக்கம் திரும்ப வரலாம் என்றால்? பாப்பா பிரிக்காமலே 5 × 6 × 3 = 90 என்கிறாள். நான் பயந்துபோய்ப் பிரித்தேன்: 30 + 60. அதுவும் 90.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
பாப்பா போட்டதே போதும். கடைசியில் எது இருந்தாலும் நூறாம் இடத்துக்கு அதே 5 தானே.