கீழ் அறைக்குப் பாரா, மெஷினா?

எங்கள் தெருக் குழு, குன்னூர். சனிக்கிழமை.

செயலாளர் சார், காலை 7:12
அனைவருக்கும் வணக்கம். சங்கக் கட்டடத்தின் கீழ் அறையில் கிடந்த உடைந்த நாற்காலிகளை நேற்று அப்புறப்படுத்திவிட்டோம். அறை 14 அடிக்கு 20 அடி, சிமென்ட் தரை; மேற்குச் சுவரில் ஈரம் கசிவதைத் தவிர வேறு குறை இல்லை. உடற்பயிற்சிக்கென்று கூட்டத்தில் ஒதுக்கிய தொகை ஒன்றரை லட்சம் ரூபாய். ஒரே நேரத்தில் நான்கு பேர் பயிற்சி செய்யக்கூடிய மல்டி ஜிம் மெஷின் ஒன்றை வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். கோவையில் விலையும் கேட்டு வைத்திருக்கிறேன். மாற்றுக் கருத்து இருப்பவர்கள் நாளை மாலைக்குள் தெரிவித்துவிடுங்கள்.

கடைசி வீட்டுத் தம்பி, 7:20
சார், தயவுசெய்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அதே பணத்தில் பாரைத் தாங்கும் சட்டமான ஒரு ஸ்க்வாட் ரேக், ஒரு 20 கிலோ பார் (எடை மாட்டும் நீள இரும்புக் கம்பி), சாய்வை மாற்றக்கூடிய பெஞ்ச், டம்பெல் ஜோடிகள் ஆகியவற்றை வாங்கிய பிறகும் பாரில் மாட்டும் எடைத் தட்டுகளான பிளேட்டுக்குப் பணம் மிஞ்சும். பிளேட்டைக் கிலோ கணக்கில்தான் விற்கிறார்கள். இப்போது நூறு கிலோ வாங்கிவிட்டு, தேவைப்படும்போது மேலும் சேர்த்துக்கொள்ளலாம். மெஷினில் உட்கார்ந்து இழுப்பவர்களுக்குத் தசை தெரியுமே தவிர நிஜமான பலம் வராது என்று எங்கள் ஜிம் மாஸ்டர் அடிக்கடி சொல்வார்.

எதிர் வீட்டு மாமா, 7:31
தம்பி, எனக்கு 68 வயது, வலது முழங்கால் தேய்ந்திருக்கிறது, பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறேன். என் தோளில் இரும்புக் கம்பியை ஏற்றி உட்கார்ந்து எழச் சொன்னால், அதன் பிறகு என்னைத் தூக்கி நிறுத்தத்தான் நான்கு பேர் வேண்டும். என் ஓட்டு மெஷினுக்கு.

சுபேதார் ஐயா, 7:45
நான் தம்பியின் பக்கம். வெலிங்டன் ராணுவ முகாமில் நாங்கள் பயிற்சி பெற்ற நாட்களில் மெஷின் என்ற பேச்சே கிடையாது; கயிற்றில் ஏறியும், மரக்கட்டையைச் சுமந்தும், பக்கத்தில் நின்றவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியும்தான் உடம்பு தேறியது. தோடர் குடியிருப்பான முத்தநாடு மந்தில் மொற்பர்த் பண்டிகையின்போது தோடர் இளைஞர்கள் இளவட்டக்கல்லைத் தோளுக்குத் தூக்குவதை நம்மில் பலரும் பார்த்திருக்கிறோம். அந்தக் கல்லுக்குப் பிடியும் இல்லை, எடையைக் குறைக்கச் செருகும் பின்னும் இல்லை. வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து போன பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்நாட்சில் 149, தோளில் நிறுத்திப் பிறகு தூக்கும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179, ஆக 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018-இல் கோல்ட் கோஸ்ட்டிலும் தங்கம். மெஷினில் சாய்ந்து உட்கார்ந்தா அவர் அதைச் சாதித்தார்?

பிசியோ அக்கா, 8:26
டியூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் இருக்கிறேன், ஆனாலும் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஐயா சொன்ன சதீஷுக்குப் போட்டியே பாரைத் தூக்குவதுதான். ஆகையால் அவர் பாரில்தான் பழகியாக வேண்டும். அதை வைத்து மெஷினில் பலம் வராது என்று முடிவு கட்ட முடியாது. இரண்டையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளைத் திரட்டி 2023-இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. தசை வளர்ச்சியில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதும், பாரில் பழகியவர்களைப் பாரிலும் மெஷினில் பழகியவர்களை மெஷினிலும் சோதிக்கும்போது அவரவர் பழகியதில் கூடுதல் பலம் காட்டுகிறார்கள் என்பதும் அதன் சாரம். பலம் என்பது எதில் பழகினோமோ அதில்தான் முதலில் ஏறும். ஆகவே எது உயர்ந்தது என்று அடித்துக்கொள்வதைவிட, இந்தத் தெருவில் வாழும் நாம் எதைத் தூக்க வேண்டியிருக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளலாம்.

நான், 8:40
அப்படிக் கேட்டால் என் பதில் கேஸ் சிலிண்டர்தான். வண்டி மேல் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து என் வீட்டுக்கு 86 படிகள். நிரம்பிய சிலிண்டரில் வாயு மட்டும் 14.2 கிலோ, உருளையோடு சேர்த்தால் 30 கிலோவை ஒட்டி வரும். ஒற்றைத் தோளில் வைத்து இறங்கும்போது கை வலிப்பதில்லை. எடை இல்லாத பக்கத்து இடுப்பும், படியில் ஊன்றும் காலின் தொடையும்தான் நடுங்குகின்றன. மழை பெய்து படி பாசி பிடித்திருக்கும் நாளில் கேட்கவே வேண்டாம்.

கடைசி வீட்டுத் தம்பி, 8:44
அண்ணா, இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். பாரோ டம்பெல்லோ கையில் இருக்கும்போது அதை எந்தப் பக்கமும் சாயவிடாமல் பிடித்து நிறுத்துவதும் நம் வேலையாகிறது; முதுகு, வயிறு, கணுக்கால் என்று எல்லாம் சேர்ந்து உழைக்கின்றன. மெஷினில் தண்டவாளம் போட்ட மாதிரி ஒரே பாதை இருப்பதால் அந்த வேலையை இரும்புச் சட்டமே செய்துவிடுகிறது.

பிசியோ அக்கா, 8:52
அது சரிதான் தம்பி, ஆனால் அதே காரணத்தால்தான் பலவீனமானவர்களுக்கு மெஷின் உதவுகிறது. தள்ளாடாமல் இருப்பதற்கே பாதி சக்தியைச் செலவழிக்கும் ஒருவரால் தொடைக்கு வேண்டிய அளவு பளுவைக் கொடுக்க முடியாது. சட்டம் அவரைப் பிடித்துக்கொண்டால் அவர் தொடையை மட்டும் கவனிக்கலாம். 1990-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வில், முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரியாக 90 வயதான 10 பேருக்கு முழங்காலை நீட்டும் தசைக்கு எட்டு வாரம் கடுமையான பளுப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களுக்குத் தொடையின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. எனவே மாமா 68 வயதைக் காரணம் காட்டித் தப்பிக்க முடியாது.

எதிர் வீட்டு மாமா, 8:55
தொண்ணூறு வயதுக்காரர்களைக் கொண்டுவந்து என் வாயை அடைத்துவிட்டாயே அம்மா.

டீச்சரம்மா, 10:05
ஒரு சந்தேகம் கேட்கிறேன். போன மாதம் ஸ்கேன் எடுத்ததில் எனக்கு எலும்பு அடர்த்தி குறைந்திருப்பதாகச் சொல்லி, கனமாக எதையும் தூக்க வேண்டாம் என்று எச்சரித்தார்கள். என்னைப் போன்றவர்களுக்கு இந்த அறையில் ஏதாவது இடம் உண்டா, அல்லது நடைப்பயிற்சியோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதானா?

பிசியோ அக்கா, மதியம் 1:18
சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன், டீச்சர். வீட்டில் குனிந்து தண்ணீர்க் குடத்தை வெடுக்கென்று தூக்காதீர்கள் என்ற பொருளில் அந்த எச்சரிக்கை சரியானதே. ஆனால் படிப்படியாக, ஆள் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்கும் பளுப் பயிற்சி வேறு. ஆஸ்திரேலியாவில் எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற 101 பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. ஒரு பிரிவினர் வாரம் இரண்டு நாள், தலா அரை மணி நேரம், எட்டு மாதம் பாரில் தரையிலிருந்து தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட், உட்கார்ந்து எழும் ஸ்க்வாட், தலைக்கு மேல் தூக்குவது ஆகியவற்றோடு குதித்து இறங்கும் பயிற்சியும் செய்தார்கள். இடுப்புப் பகுதி முதுகெலும்பில் அவர்களுக்கு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. வீட்டில் இலேசான பயிற்சி செய்த மற்ற பிரிவினருக்கு 1.2 சதவீதம் குறைந்தது. அவர்கள் முதல் மாதத்தை அசைவைச் சரியாகக் கற்பதற்கே செலவழித்தார்கள் என்பதையும், ஒவ்வொரு வகுப்பிலும் பயிற்சியாளர் உடனிருந்தார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். உங்கள் டாக்டரிடம் இதைச் சொல்லி அவர் சம்மதித்தால், விளக்குமாற்றுக் கட்டையில் நானே ஆரம்பித்து வைக்கிறேன்.

டீச்சரம்மா, 1:30
விளக்குமாறு வீட்டிலேயே இருக்கிறது. அதற்குச் சங்கப் பணம் தேவைப்படாது.

கடைசி வீட்டுத் தம்பி, 1:41
டீச்சர், டெட்லிஃப்ட் பழகும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பெரிய பிளேட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர். அது மாட்டியிருந்தால் பார் தரையிலிருந்து இருபத்திரண்டு சென்டிமீட்டருக்கு மேல், கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவே நிற்கும். உங்களுக்குப் போடப்போகும் சின்ன இரும்பு பிளேட்டின் விட்டமும் சின்னது என்பதால் பார் தரையோடு ஒட்டிக் கிடக்கும், அதை எடுக்கக் குனிந்தால் முதுகு வளைந்துவிடும். இரண்டு பக்கமும் மரக்கட்டையை அடுக்கி அதன்மேல் பாரை வைத்துவிட்டால் போதும். தேயிலை பேக்டரிக்கு வந்த மரப்பெட்டிப் பலகைகள் சாரிடம் நிறைய இருக்கின்றன.

எதிர் வீட்டு மாமா, 1:50
நீ தனியாகத் தூக்கிக்கொண்டிருக்கும்போது பார் மேலே விழுந்துவிட்டால் யார் பொறுப்பு என்று மட்டும் சொல்லிவிடு.

கடைசி வீட்டுத் தம்பி, 1:58
மாமா கேட்டுவிட்டதால் மறைக்காமல் சொல்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன்னால், நான் போகும் ஜிம்மில், காலை ஐந்தரை மணிக்கு யாரும் வராத நேரத்தில், மல்லாந்து படுத்து நெஞ்சுக்கு மேல் பாரைத் தூக்கும் பெஞ்ச் பிரஸ் செய்தேன். 60 கிலோ, ஆறாவது தடவையில் பார் நெஞ்சிலேயே நின்றுவிட்டது. பிளேட் கழலாமல் இருக்க இரண்டு முனையிலும் கிளிப்பை இறுக்கியிருந்ததால் ஒரு பக்கம் சாய்த்துப் பிளேட்டை நழுவவிடவும் வழியில்லை. கடைசியில் பாரை வயிற்றின்மேல் உருட்டி, தொடைவரை கொண்டுபோய், எழுந்து உட்கார்ந்தேன். பத்து நாள் வயிற்றில் நீலக்கோடு இருந்தது. அம்மாவிடம் கதவில் இடித்துக்கொண்டேன் என்று சொன்னேன். அதனால்தான் பெஞ்சை மட்டும் தனியாக வாங்காமல், நெஞ்சு உயரத்துக்குச் சற்றுக் கீழே பாதுகாப்புக் கம்பி பொருத்தும் ரேக்காக வாங்க வேண்டும் என்கிறேன்.

தம்பியின் அம்மா, 2:03
இந்தக் குழுவில் நானும் இருக்கிறேன் என்பது உனக்கு நினைவில் இல்லையா?

செயலாளர் சார், 2:20
தம்பி வீட்டு விசாரணையை வீட்டிலேயே நடத்திக்கொள்ளட்டும். மெஷினுக்கு ஆதரவாக ஒன்று சொல்கிறேன். கை நடுவில் வரும்போது டம்பெல் கனமாகவும் மேலே போனதும் கனமற்றும் தெரிகிறது. மெஷினில் முழுக்கச் சீராக இருக்கிறது என்று கடைக்காரர் விளக்கினார். அதில் உண்மை இருக்கிறதா?

பிசியோ அக்கா, 2:34
இருக்கிறது சார். டம்பெல்லைப் பூமி நேர்கீழாக மட்டுமே இழுக்கும். முழங்கையை மடக்கும்போது முன்கை தரைக்கு இணையாக வரும் இடத்தில் நெம்புகோல் நீளம் அதிகமாகி அங்கேதான் கனக்கும். இதைச் சரிக்கட்டத்தான் ஆர்தர் ஜோன்ஸ் என்பவர் 1970-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மெஷின்களில் வட்டச் சக்கரத்துக்குப் பதிலாக, கேம் எனப்படும் சுருள் வடிவச் சக்கரத்தை வைத்தார். அது நாட்டிலஸ் என்ற கடல் சங்கு போல இருந்ததால் கம்பெனிக்கும் அதே பெயர் வந்தது. ஆனால் அந்த அமைப்பு நம் உடம்புக்குப் பொருந்த வேண்டும். மெஷின் திரும்பும் அச்சும் நம் முழங்கால் மூட்டும் ஒரே கோட்டில் வரும்படி இருக்கையை நகர்த்தாமல் உட்கார்ந்துவிட்டு, மெஷினால் கால் வலிக்கிறது என்று என்னிடம் வருபவர்கள் உண்டு.

கடைசி வீட்டுத் தம்பி, 2:41
பின்னில் எழுதியிருக்கும் எண்ணையும் நம்ப முடியாது, சார். நகரும் கப்பி ஒன்று இருந்தால் 50 கிலோ கையில் பாதியாகத்தான் வந்து சேரும். இன்னொரு கம்பெனியின் மெஷினில் அதே 50 முழுதாக இழுக்கும். காலால் பளுவைத் தள்ளும் 45 பாகை சாய்ந்த லெக் பிரஸ்ஸில் 100 கிலோ ஏற்றினால் காலுக்குத் தெரிவது 70 கிலோவை ஒட்டித்தான். பர்லியாறு ஏற்றத்தில் நின்றுபோன ஜீப்பைத் தள்ளுவதும் ஜீப்பைத் தலைக்கு மேல் தூக்குவதும் ஒன்றல்ல என்பதுதான் கணக்கு.

நான், 3:10
கணக்கைவிட எனக்குப் பராமரிப்புதான் கவலை. நான் முன்பு வேலை பார்த்த பள்ளியில் மல்டி ஜிம் ஒன்று இருந்தது. மூன்றாவது வருடம், ஐப்பசி மழைக்குப் பிறகு, எடைகள் ஏறி இறங்கும் கம்பிகளில் துரு படிந்து, பின்னைச் செருகினால் இரண்டு பிளேட் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே ஏறின. ஒருநாள் கேபிள் நார் நாராகப் பிரிந்து அறுந்தது. ஆள் கீழிருந்து மலை ஏறி வர வேண்டும் என்று சொல்லியே இரண்டு வருடம் அதன்மேல் போர்வை போர்த்தியிருந்தார்கள். துருப்பிடித்த பாரை ஒரு பிரஷ்ஷும் இரண்டு சொட்டு எண்ணெயும் சரிசெய்துவிடும். நம் மேற்குச் சுவரை நினைத்தால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சுபேதார் ஐயா, 3:22
இன்னொன்றையும் யோசியுங்கள். கீழ் அறைக்கு வளைந்து இறங்கும் படியின் அகலம் இரண்டரை அடிதான். பிளேட்டை ஒவ்வொன்றாக நாம் தூக்கிப்போகலாம், அதுவே முதல் நாள் பயிற்சியாகவும் ஆகும். மல்டி ஜிம்மின் சட்டத்தை அந்தத் திருப்பத்தில் யார் திருப்புவது?

செயலாளர் சார், இரவு 8:15
இப்போதே டேப் வைத்து அளந்துவிட்டு வந்தேன். சுபேதார் சொன்னது சரி, நான் விலை கேட்ட மெஷின் அந்தத் திருப்பத்தில் திரும்பாது. ஆகவே ரேக், பார், பெஞ்ச், பிளேட், டம்பெல் என்று தம்பி பட்டியல் தரட்டும். மாமாவுக்காகவும் டீச்சருக்காகவும் என்ன சேர்க்க வேண்டும் என்பதைப் பிசியோ அம்மா சொல்லிவிட்டால் நாளை கூட்டத்தில் வைத்துவிடலாம்.

பிசியோ அக்கா, 8:37
மூன்று சேர்த்துக்கொள்ளுங்கள். சுவரில் பொருத்தும் ஒற்றைக் கப்பி ஒன்று, ஈரம் இல்லாத கிழக்குச் சுவரில். மேலே உள்ள கம்பியில் தொங்க முடியாதவர்கள் அதில் இழுத்துப் பழகலாம், கேபிள் போனாலும் நாமே மாற்றிவிடலாம். 1.25 கிலோ பிளேட் இரண்டு ஜோடி வேண்டும். பெரிய மெஷின்களில் பெரும்பாலும் ஐந்து ஐந்து கிலோவாகத்தான் எடை ஏறும், டீச்சர் போன்றவர்களுக்கு அது ஒரே தாவலில் மிக அதிகம். மூன்றாவதாக, கைப்பிடி இல்லாத, உறுதியான மரப்பெட்டி ஒன்று. மாமா அதில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்து பழகட்டும்; சுலபமானதும் கையில் ஒரு டம்பெல்லைப் பிடித்துக்கொள்ளலாம். எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும், அடக்கினால் பிரஷர் ஏறும். கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம் மாமா, வீட்டு நாற்காலியிலேயே இன்று ஆரம்பிக்கலாம்.

எதிர் வீட்டு மாமா, 9:05
ஆரம்பித்துவிட்டேன். எட்டு தடவை எழுந்தேன்.

பிசியோ அக்கா, 9:06
கையை ஊன்றாமலா?

எதிர் வீட்டு மாமா, 9:11
மூன்று தடவை ஊன்றாமல்.