எட்டு கிராம் எடையில் ஒரு சந்திப்பு

மறக்க முடியாத பறவைச் சந்திப்பைப் பற்றி இங்கே எழுதும்போது, ஆந்தை எதிரில் வந்து உட்கார்ந்தது, கழுகு தலைக்கு மேல் வட்டமடித்தது என்று எல்லோரும் பெரிய பெரிய கதைகளாக எழுதுகிறீர்கள். என்னுடைய பறவை எட்டு கிராம்கூடத் தேறாது. ஆனாலும் எனக்கு அதுதான் மறக்க முடியாத சந்திப்பு.

காட்டுப் பறவைகளைப் பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டி விடுகிற வேலையில் உதவியாளராகப் போய்க்கொண்டிருக்கிறேன். உரிமம் என்னிடம் இல்லை. உரிமம் உள்ள பயிற்சியாளரின் கண் முன்னால்தான் எதையும் செய்யலாம். அன்று மார்ச் மாதக் கடைசி. பெயருக்குத்தான் வசந்தம். புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது, மூச்சு புகையாக வந்தது.

இருட்டிலேயே போய்க் கம்பங்களை நட்டோம், ஆனால் வலையை விரிக்கவில்லை. மெல்லிய கறுப்பு நைலான் வலை அது. புதரை ஒட்டி விரித்துவிட்டால் நமக்கே கண்ணுக்குத் தெரியாது. அதில் உறைபனி படிந்தால் பறவைகள் பார்த்து விலகிவிடும் என்பது சின்னக் காரணம். பெரிய காரணம் வேறு. குளிர் இரவைக் கடக்க ஒரு பட்டாணிக் குருவி தன் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு வரை எரித்துவிடும். விடிந்ததும் அதற்கு முதல் வேலை சாப்பாடு. அந்த நேரத்தில் பிடித்துப் பையில் போட்டு வைத்தால் அதன் காலை உணவை நாம் பறித்துக்கொள்கிறோம் என்று அர்த்தம். வெயில் ஏறும்வரை காத்திருந்தோம். இந்த வேலையில் பாதி இப்படிக் காத்திருப்பதுதான், இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை.

பனி உருகியதும் வலையை விரித்தோம். வழக்கமாக அரை மணிக்கு ஒருமுறை வலையைச் சுற்றி வருவோம். குளிர் என்பதால் அன்று இன்னும் அடிக்கடி நடந்தோம். பறவை வலையில் மோதியதும் கீழே தொங்கும் மடிப்பில் விழுந்து பை மாதிரி அடங்கிவிடும். எடுப்பவர் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, அது எந்தப் பக்கமாக உள்ளே வந்தது என்பதை. வந்த வழியே திரும்ப எடுக்க வேண்டும். பெரும்பாலும் முதலில் கால், அப்புறம் இறக்கையின் மடக்கில் மாட்டிய நூல், கடைசியில் தலை. கையுறை போட்டால் நூல் பிடிபடாது. போடாவிட்டால் விரல் மரத்துப்போகும். சட்டைக்குள் கையை விட்டுச் சூடாக்கி, எடுத்து, மறுபடி விட்டு... அப்படித்தான் போனது.

முதலில் சிக்கியது நீல நிறப் பட்டாணிக் குருவிகள். பார்க்கப் பொம்மை போல இருக்கும். பிடித்தால் தெரியும் அதன் குணம். நகக்கண்ணில் மெல்லிய தோல் எங்கே இருக்கிறதோ சரியாக அங்கேயே கொத்தும், விடாமல் கொத்தும். தொண்டை உப்ப இவ்வளவு கோபம் எங்கிருந்து வருகிறதோ!

அப்புறம் நீண்ட வால் கொண்ட குட்டிப் பறவைகளின் கூட்டம் ஒன்று ஒரே வலையில் மொத்தமாக விழுந்தது. ஆங்கிலத்தில் லாங் டெயில்டு டிட் என்பார்கள். பெரும்பாலும் உறவுக்காரக் கூட்டமாக இருக்கும், குளிர் இரவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுதான் தூங்கும். ஒவ்வொன்றாக விட்டால் கூட்டம் சிதறிவிடும். அதனால் எல்லாவற்றுக்கும் வளையம் போட்டு முடிக்கும்வரை வைத்திருந்து, சேர்த்தே விட்டோம்.

காற்று எழ ஆரம்பித்தது. இன்னும் ஒரு சுற்றோடு வலையைச் சுருட்டிவிடலாம் என்றார் பயிற்சியாளர். அந்தச் சுற்றில்தான் ஓரத்து வலையின் அடி மடிப்பில் ஒரு சிஃப்சாஃப் கிடந்தது. மங்கிய பச்சையில் ஒரு கதிர்க்குருவி. குளிர்காலத்தை மத்தியத்தரைக் கடல் பக்கமோ மேற்கு ஆப்பிரிக்காவிலோ கழித்துவிட்டு, வசந்தத்தில் முதலில் திரும்புகிறவற்றில் இதுவும் ஒன்று. காலைப் பிரித்தெடுக்கும்போதே ஏதோ மின்னியது. ஏற்கெனவே வளையம் இருந்தது.

புதிய பறவைக்கு வளையம் போடுவதில்தான் சுவாரசியம் என்று அதுவரை நினைத்திருந்தேன். இல்லை. வளையம் போடுவது கடிதம் எழுதிப் போடுவது மாதிரி. பதில் எப்போதாவதுதான் வரும். எண்ணை நான் வாசிக்க, அவர் பழைய குறிப்பேட்டைப் புரட்டினார். போன வசந்தத்தில் இதே இடத்தில், இதே புதர் ஓரத்தில் அவரே போட்ட வளையம்! இடையில் இந்தத் துளி உயிர் கடலைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, அதே வேலி ஓரத்தைக் கண்டுபிடித்திருக்கிறது.

அலகின் அடியில் பிசின் மாதிரி பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. அழுக்கு என்று நினைத்தேன். வழியில் பூக்களில் தேன் குடித்தபோது படிந்து காய்ந்த மகரந்தமாம். இறக்கையின் நீளத்தை அளந்தார். இந்த இனத்தில் ஆணுக்கு இறக்கை நீளம், இது அநேகமாக ஆண் என்றார். பிறகு கழுத்துக்குக் கீழே மெதுவாக ஊதினார். இறகு விலகியதும் தோல் கண்ணாடி மாதிரி தெரிந்தது. பயணத்துக்கு முன்னால் அந்தக் குழியில் கொழுப்பு மஞ்சளாக நிறைந்திருக்கும். இதில் ஒன்றுமே இல்லை, எல்லாம் வழியிலேயே செலவாகிவிட்டது. சின்ன டப்பாவில் தலைகீழாக நிறுத்தித் தராசில் வைத்தோம் (அப்படி வைத்தால் அசையாமல் இருக்கும்). உடனே என் உள்ளங்கைக்கு மாற்றினார். ஒரு விநாடி உட்கார்ந்திருந்தது, போய்விட்டது.

1899இல் டென்மார்க்கில் மார்ட்டென்சன் என்ற பள்ளி ஆசிரியர் எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையங்களை மைனா இனத்து ஸ்டார்லிங் பறவைகளுக்குப் போட்டதிலிருந்து இந்த முறை பரவியது. அதற்கு முன் துத்தநாகத்தில் முயன்று, எடை அதிகம் என்று கைவிட்டிருக்கிறார். பதில் எவ்வளவு தாமதமாக வரலாம் என்பதற்கு, பசிபிக்கின் மிட்வே தீவில் இருக்கும் விஸ்டம் என்ற ஆல்பட்ராஸ் கடற்பறவையே போதும். 1956இல் சாண்ட்லர் ராபின்ஸ் என்ற பறவையியலாளர் அதற்கு வளையம் போட்டார். 2002இல் அதே தீவில் அதே பறவை அவர் கையிலேயே மறுபடி சிக்கியது.

"பாவம், சித்திரவதை இல்லையா?" என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். பறவைக்குப் பயம் இருக்காது என்று சொன்னால் அது பொய். அதனால்தான் உரிமம், நீண்ட பயிற்சி, காற்றோ மழையோ வந்தால் வலையைச் சுருட்டும் பழக்கம் எல்லாம். பறவை சோர்ந்து தெரிந்தால் வளையமும் வேண்டாம், அளவும் வேண்டாம், அப்படியே விட்டுவிடுவோம். ஆர்வத்தில் யாரும் வலை வாங்கித் தாமாக முயலாதீர்கள். அது சட்டப்படியும் தவறு, பறவைக்கும் ஆபத்து.

இறந்து கிடக்கும் பறவையின் காலில் எப்போதாவது வளையம் கண்டால் அப்படியே விட்டுப் போகாதீர்கள். எண்ணைப் படம் எடுத்து, பார்த்த இடத்தையும் தேதியையும் குறித்து, வளையத்தில் உள்ள முகவரிக்கோ இணையதளத்துக்கோ அனுப்புங்கள். அது எப்போது, எங்கே வளையமிடப்பட்டது என்ற விவரம் பெரும்பாலும் உங்களுக்கே திரும்பி வரும். இங்கே யாருக்காவது அப்படி வந்திருந்தால் எழுதுங்கள், எந்தப் பறவை, எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள ஆசை.