டிசிஎஸ் எஃப்-14: பின்சீட்டில் ஆள் இருந்தும் ட்ராக் நிற்கவில்லை, வேலையை எப்படிப் பிரிப்பது?

தும்பி_14:
வணக்கம். டிசிஎஸ் வேர்ல்ட் என்ற போர் விமான சிமுலேட்டரில் எஃப்-14பி, இரண்டு பேராகப் பறக்கிறோம். நான் பைலட், நண்பர் ரியோ (பின்சீட்டில் ரேடாரை இயக்குபவர்). கணினியே இயக்கும் ரியோவான ஜெஸ்டர் பின்னால் இருந்தால் சுலபமாக விழும் இலக்குகள், ஆள் உட்கார்ந்தால் கைக்குச் சிக்குவதில்லை.

சிக்கல் மூன்று. 40 மைலில் (எல்லாம் கடல் மைல்) தெளிவாகத் தெரியும் இலக்கு 25 மைலுக்குள் வந்ததும் ஸ்கோப்பிலிருந்து மறைகிறது. பீனிக்ஸ் (நெடுந்தூர ஏவுகணை) விட்டுவிட்டு கிராங்க் பண்ணினால் (இலக்கு ரேடார் எல்லைக்குள்ளேயே இருக்கும்படி பக்கவாட்டில் திரும்பினால்) டிடபிள்யூஎஸ் (தேடிக்கொண்டே பல இலக்குகளைப் பின்தொடரும் ரேடார் முறை) ட்ராக் உடைகிறது. சில சமயம் பீனிக்ஸ் தயாராவதே இல்லை. மாஸ்டர் ஆர்ம் (ஆயுதங்களின் முதன்மை சுவிட்ச்), ஆயுதத் தேர்வு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. எந்த சுவிட்ச் எதற்கு என்பது இருவருக்கும் ஓரளவு தெரியும். யார் எப்போது எதைச் சொல்ல வேண்டும் என்பதுதான் பிடிபடவில்லை.

அலைவரிசை:
மூன்றாவதை முதலில் முடித்துவிடலாம், அது வெறும் சுவிட்ச் விவகாரம். பீனிக்ஸ் தயாராக இரண்டு சீட்டிலும் கை வைக்க வேண்டும். பின்னால் இருக்கும் லிக்விட் கூலிங் சுவிட்ச் ‘ஏடபிள்யூஜி-9’ நிலையில் இருந்தால் குளிர்ச்சி ரேடாருக்கு மட்டும். அதை ‘ஏடபிள்யூஜி-9/ஏஐஎம்-54’ வரை தள்ள வேண்டும் (ஏஐஎம்-54 என்பதுதான் பீனிக்ஸ்). பிறகு நீங்கள் முன்னால் ஏசிஎம் பலகையில் எம்எஸ்எல் பிரெப் (ஏவுகணையைத் தயாராக்கும் பொத்தான்) அழுத்த வேண்டும். அதற்குப் பிறகும் ஏவுகணை தயாராகச் சுமார் 2 நிமிடம் ஆகும். எதிரெதிரே வரும் இரண்டு ஜெட்டின் நெருக்க வேகம் 1,000 நாட் (மணிக்கு 1,000 கடல் மைல்) என்பதைச் சாதாரணமாகத் தாண்டும். அந்த 2 நிமிடத்தில் 33 மைல் கரைந்துவிடும். எனவே இலக்கைப் பார்த்தபின் அல்ல, சண்டைப் பகுதிக்குள் நுழையும் முன்பே “கூலிங்?” என்று கேட்டு பதில் வாங்கிவிட்டு பிரெப் அழுத்துங்கள்.

இலக்கு மறைவதற்குக் காரணம் பெரும்பாலும் ஆன்டெனாவின் ஏற்றக் கோணம். ரியோவுக்கு இந்தக் கணக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும்: 1 டிகிரி என்பது ஒரு மைல் தூரத்துக்குச் சுமார் 100 அடி. 40 மைலில் 1 டிகிரி 4,000 அடி, 15 மைலில் 1,500 அடி.

நீங்கள் 28,000 அடி, எதிரி 8,000 அடி, தூரம் 40 மைல் என்று வையுங்கள். வித்தியாசம் 20,000. அதை 4,000-ஆல் வகுத்தால் 5 டிகிரி கீழே. ரியோ அங்கே வைத்தார், இலக்கு கிடைத்தது, நல்லது. ஆனால் 4 பார் ஸ்கேன் (ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு வரிசைத் தேடல்) மேலும் கீழுமாக மொத்தம் சுமார் 6 டிகிரிதான் மூடும். அதாவது 2 முதல் 8 டிகிரி கீழ் வரை. தூரம் 25 மைலாகும்போது அதே இலக்கு 8 டிகிரி கீழே வந்து நிற்கும். அதற்கு மேல் நெருங்கினால் கற்றைக்கு அடியில் நழுவிவிடும். உங்களுக்கு மறைவதும் அதே 25-இல்தான். 15 மைலில் தேவைப்படுவது 13 டிகிரிக்கு மேல். ஜெஸ்டர் இந்த ஏற்றக் கோணச் சக்கரத்தைத் தானாகத் திருப்பிக்கொண்டே இருப்பார். மனிதர் மறந்துவிடுகிறார், அவ்வளவுதான்.

டிடபிள்யூஎஸ் ஆட்டோவில் ஸ்கேனை கணினியே நகர்த்தும். ஆர்டபிள்யூஎஸ் (ட்ராக் வைக்காமல் தேட மட்டும் செய்யும் முறை), டிடபிள்யூஎஸ் மேனுவல் இரண்டிலும் ரியோ கைதான். 40, 30, 25, 20, 15 என்று ஒவ்வொரு கட்டத்திலும் கோணத்தை மறுபடி போடச் சொல்லுங்கள்.

இதில் முன்சீட்டின் பங்கும் உண்டு. ஆன்டெனா அடிவானத்தை வைத்து நிலைப்படுத்தப்பட்டிருப்பதால் மூக்கை லேசாகத் தூக்குவதால் கோணம் கெடாது. ஆனால் நீங்கள் சொல்லாமல் 10,000 அடி இறங்கினால் 40 மைலில் 2.5 டிகிரி பிழை, 20 மைலில் 5 டிகிரி. ரியோவின் கணக்கு மொத்தமும் தப்பாகிவிடும். “28-லிருந்து 18-க்கு இறங்குறேன்” என்று இறங்குவதற்கு முன்பே சொல்ல வேண்டும், இறங்கி முடித்தபின் அல்ல.

இன்னொரு காரணமும் உண்டு: அவன் உங்களுக்குக் குறுக்கே 90 டிகிரி திரும்பினால், பல்ஸ் டாப்ளர் (வேகத்தை வைத்து இலக்கைப் பிரித்தறியும் ரேடார் முறை) அவனைத் தரை என்று நினைத்து வடிகட்டிவிடும். ரியோ “பீம்” என்று சொல்லட்டும். நீங்கள் அவன் உயரத்துக்குக் கீழே போய் அண்ணாந்து பாருங்கள். கற்றையில் தரை இல்லாதபோது தரை எதிரொலியை நீக்கும் எம்எல்சி வடிகட்டியை அவுட்டில் போடலாம்.

பின்சீட்:
கிராங்க் பற்றி நான் சொல்கிறேன். டிடபிள்யூஎஸ்ஸில் இரண்டே ஸ்கேன் வடிவம்தான்: ±20 டிகிரியில் 4 பார், அல்லது ±40 டிகிரியில் 2 பார். இரண்டும் ஒரு சுற்று முடிக்க 2 விநாடி. அதாவது ரேடார் ஒவ்வொரு இலக்கையும் 2 விநாடிக்கு ஒருமுறைதான் பார்க்கிறது. இடைப்பட்ட நேரத்தில் இருப்பதெல்லாம் ஊகம். அந்த நேரத்தில் நீங்கள் 6 ஜி இழுத்துக் கவிழ்த்தால் ஊகமும் நிஜமும் பொருந்தாது, ட்ராக் உடையும்.

ஆன்டெனா பக்கவாட்டில் அதிகபட்சம் 65 டிகிரி போகும். அந்த எல்லையில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். 40 முதல் 50 டிகிரி போதும். சாய்வு 45 டிகிரிக்குள், 2 முதல் 3 ஜி. முன்னால் டிஐடியின் (ரியோவின் இலக்குத் திரை) நகலை எச்எஸ்டியில் (பைலட்டின் திசைத் திரை) போட்டுக்கொண்டால் இலக்கு எவ்வளவு ஓரம் போயிருக்கிறது என்பதை நீங்களே பார்க்கலாம், ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டாம்.

ஏவியபின் டிஐடியில் மோதல் நேரம் எண்ணாக இறங்கிக்கொண்டே வரும். அந்த எண் மின்னத் தொடங்கும்போதுதான் ஏவுகணைக்குத் தன் ரேடாரை இயக்கச் சொல்லும் கட்டளை போகிறது. அதுவரை நீங்கள் திரும்பி ஓடக் கூடாது. ரியோ “பிட்புல்” (ஏவுகணையின் ரேடார் இயங்கிவிட்டது) என்றதும் ஓடலாம். ரியோவுக்கும் ஒரு கட்டுப்பாடு: இரண்டு மூன்று இலக்குமேல் விட்டுவிட்டு, நடுவில் பதறிப்போய் ஒன்றை எஸ்டிடியில் பூட்டக் கூடாது. எஸ்டிடி ஒரே இலக்கைத்தான் பார்க்கும், மற்ற ஏவுகணைகளுக்கு வழிகாட்ட ஆளில்லாமல் போய்விடும்.

பேச்சைப் பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். “போச்சு” என்ற ஒற்றைச் சொல்லை இருவரும் கைவிடுங்கள். எது போச்சு? ட்ராக்கா, லாக்கா, ஏவுகணையா? முன்னால் இருப்பவர் மூன்றுக்கும் மூன்று விதமாகச் செயல்பட வேண்டியிருக்கும். “ட்ராக் இல்லை”, “லாக் விட்டது”, “ஏவுகணை தவறியது” என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். இலக்கைச் சொல்லும் வரிசையும் மாறக் கூடாது: திசை, தூரம், உயரம், வருகிறானா போகிறானா. பைலட் திரும்புவதற்கு முன் “இடது கிராங்க், 40”. ரியோ “சரி” என்றபின் திருப்பம்.

15 மைலுக்குள் வந்தும் ரியோ தேடிக்கொண்டே இருந்தால் காத்திருக்காதீர்கள். பிஏஎல் முறை உங்கள் கையில் இருக்கிறது, 15 மைல் வரை அதுவே பூட்டும். பைலட்டே பூட்டும் மற்ற முறைகளான பிஎல்எம், விஎஸ்எல் இரண்டும் 5 மைல் வரை. பூட்டுவதற்கு முன் “பிஏஎல்” என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பின்னால் ஸ்கோப் ஏன் திடீரென்று மாறியது என்று அவருக்குப் புரியாது.

தும்பி_14:
25 மைல் கணக்கு அப்படியே பொருந்துகிறது, ஆர்டபிள்யூஎஸ்ஸில்தான் தேடிக்கொண்டிருந்தோம். இன்னும் இரண்டு கேள்வி. நான் என்ஜின் போட்டபின் அவர் சேர்ந்தால் சுவிட்ச் நிலைகள் இருவருக்கும் வேறு வேறாகத் தெரிகின்றன. ஃப்ளேர் (வெப்பம் தேடும் ஏவுகணையை ஏமாற்றும் தீப்பந்து) சில நேரம் என் பக்கமிருந்து வெளியே போவதில்லை. தவிர, அவர் தனியாகப் பயிற்சி எடுக்க வழி உண்டா?

கழுகுநிழல்:
விமானம் குளிர்ந்து கிடக்கும்போதே இருவரும் உள்ளே இருங்கள். முதலில் பைலட் இடம் எடுக்கட்டும், உடனே ரியோ. நடுவில் நிலைகள் மாறித் தெரிந்தால் ரியோ வெளியே போய் மறுபடி சேர்வதே வேகமான வழி. எப்படியும் ஐஎன்எஸ் (விமானத்தின் வழிகாட்டுக் கருவி) சீரமைப்பு முழுதாக முடியச் சுமார் 8 நிமிடம் ஆகும், பார்க்கிங் பிரேக்கை அதுவரை எடுக்காதீர்கள். எடுத்தால் சீரமைப்பு நின்றுவிடும், பின்னால் இருப்பவருக்குத்தான் தெரியும்.

சாஃப் (ரேடாரை ஏமாற்றும் உலோகத் துணுக்குகள்), ஃப்ளேர் பலகை ரியோ பக்கம். அவர் ஆஃபில் விட்டிருந்தாலோ, ஃப்ளேர் முறையை ‘பைலட்’ நிலைக்குக் கொண்டுவராமல் இருந்தாலோ நீங்கள் ஸ்டிக்கில் எத்தனை அழுத்தினாலும் ஃப்ளேர் வராது. ஓடுதளம் ஏறும் முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

அவருடைய கட்டுப்பாட்டுக் கருவிக்கு விலையுயர்ந்த ஸ்டிக் வேண்டாம், ஆனால் இரண்டு கட்ட ட்ரிகர் இருந்தால் நல்லது. டிஐடியில் பாதி அழுத்தினால் கர்சர் வரும், முழுதும் அழுத்தினால் இலக்கைப் பிடிக்கும். ஒற்றைக் கட்ட ட்ரிகராக இருந்தால் பாதிக்கு ஒரு பொத்தான், முழுமைக்கு இன்னொன்று. ஆன்டெனா ஏற்றத்தைப் பொத்தானில் வைக்காதீர்கள். ஒரு சுழல் அச்சில் வையுங்கள். மேலே சொன்ன அரை டிகிரி, ஒரு டிகிரி திருத்தமெல்லாம் பொத்தானில் வராது. எஸ்ஆர்எஸ் (ரேடியோ பேச்சுக்கான தனி மென்பொருள்) வைத்தால் இன்டர்காமுக்குத் தனி விசை, ரேடியோவுக்குத் தனி விசை.

தனிப் பயிற்சிக்கு: வானில் தொடங்கும் ஒரு மிஷன், 50 மைலில் 8,000 அடியில் நேராக வரும், சுடாத இரண்டு இலக்கு. விசைப்பலகையில் 2-ஐ அழுத்திப் பின்னால் போனால் ஐஸ்மேன் (கணினி பைலட்) விமானத்தை ஓட்டுவார். திசை, உயரம், வேகம் சொன்னால் கேட்பார், சண்டை போட மாட்டார். அதுவே போதும். முதலில் ஆர்டபிள்யூஎஸ்ஸில் மட்டும், ஆன்டெனாவைக் கையால் திருப்பி 10 மைல் வரை இரண்டையும் விடாமல் வைத்திருக்கப் பழகட்டும். அது வந்தபின் இலக்குகளைக் குறுக்கே திரும்ப வையுங்கள்.

இதே பழக்கத்தோடு எஃப்-4இ பக்கம் போனால் கவனம். அங்கே ஏபிக்யூ-120 பல்ஸ் ரேடார், கீழே பார்த்தால் திரை முழுக்கத் தரைதான். உங்கள் உயரத்துக்குச் சமமான தூரத்தில் ஒரு கோடு வேறு நிற்கும், 20,000 அடியில் அது 3.3 மைல். எனவே இலக்குக்குக் கீழே இருந்துதான் தேட வேண்டும். பூட்டியபின் ஸ்பாரோ (ரேடார் வழிகாட்டும் ஏவுகணை) விடுவதற்கு முன் 4 விநாடி எண்ணுங்கள். உடனே விட்டால் வழிதெரியாமல் போய்விடும்.